முதல் வரியில் நின்றவர்கள்

அரையாண்டு ஆங்கிலத் தேர்வில் ஸ்டெல்லா எண்பதுக்குப் பதினான்கு வாங்கியிருந்தாள். பாகூருக்குப் பக்கத்தில் இருந்த அந்த அரசுப் பள்ளியில் வகுப்புக்கு எப்போதும் அவள்தான் முதல். பள்ளி சிபிஎஸ்இக்கு மாறும் முன்பு, கட்டுரையோ கடிதமோ ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்து தொண்ணூறுக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவள். விஜயராணி மிஸ் விடைத்தாளைக் கொடுத்ததும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் காய்ச்சல் என்று பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பக்கத்தில் இருந்து அந்த விடைத்தாளைப் பார்த்துவிட்ட தோழி ஜெயசித்ராவை மதிப்பெண்ணைவிட வேறொன்று குடைந்தது. பாடத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்துக் கேட்டிருந்த கேள்விகளில் ஒன்றுக்குக்கூட ஸ்டெல்லா பதில் எழுதவில்லை. தப்பாகவாவது எழுதியிருக்கலாமே, ஏன் வெறுமையாக விட்டாள்?

மதியம் சாப்பிடும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தாள். "அந்தப் பத்திய எதுவரைக்கும் படிச்ச?"

"மொத வரிலியே ஒரு வார்த்த வந்துச்சே, எஸ்டுவரின்னு. அதோட வுட்டுட்டேன்" என்றாள் லில்லி.

அடுத்தவளும் அங்கேயேதான் நின்றிருந்தாள். அதற்கடுத்தவனும் அப்படியே. யோசித்துப் பார்த்தால் ஜெயசித்ராவும் அந்த வார்த்தைக்குப் பிறகு கண்ணை ஓட்டினாளே தவிர எதையும் படிக்கவில்லை.

மணிபாரதி மட்டும் அந்தப் பகுதியில் நன்றாக எழுதியிருந்தான். பாதி நாள் பள்ளிக்கே வராதவன்.

"உனக்கு அதுக்கு அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் எப்படிறா எழுதுன?"

"எனக்கு எந்த வார்த்ததான் தெரியும்? தெரியாதத வுட்டுட்டு மேல படிச்சேன். ஆறு கடல்ல சேர்ற எடத்தப் பத்தி இருந்துச்சு. அதான் எழுதுனேன்."

ஜெயசித்ரா சாயங்காலம் குருவிநத்தத்துக்கு சைக்கிளை மிதித்தாள். வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்லியே."

"இல்லதான். எனக்கு இங்கிலீஷ் வராதுடி. இத்தன நாளா வருதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"எஸ்டுவரில நின்னியா?"

ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அங்கதான் நின்னாங்க. மணி மட்டும் தாண்டிப் போயிருக்கான். அவனுக்கும் அர்த்தம் தெரியாது."

"தெரியாம எப்படித் தாண்ட முடியும்?" நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "ஒரு வார்த்த வுட்டா அதுக்கப்பறம் எனக்கு ஒண்ணுமே வராது. மனப்பாடம் பண்றப்ப அப்படித்தானே?"

ஜெயசித்ராவுக்கு அதுவரை புரியாதது அப்போது புரிந்தது. "இது மனப்பாடம் இல்லடி. அந்தக் கேள்வித்தாள எடு."

இருவரும் அந்தப் பத்தியைக் கடைசிவரை படித்தார்கள். தெரியாத வார்த்தைகள் எட்டோ பத்தோ வந்தன. ஒவ்வொன்றிலும் ஸ்டெல்லாவின் விரல் நின்றது. ஜெயசித்ரா அதைப் பிடித்து நகர்த்தினாள். நான்காவது வரியில் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடம் வந்தது.

"முகத்துவாரமா?" என்றாள் ஸ்டெல்லா. "நம்ம ஆறு கடலூராண்ட போய்க் கலக்குதே, அதுவா? இதுக்கா பயந்தேன்?"

மறுநாள் பள்ளிக்கு வந்தாள்.

மாதிரித் தேர்வில் முப்பத்தொன்பது. அந்த எண்ணைப் பார்த்ததும் முகம் வாடத்தான் செய்தது. ஆனால் எந்தக் கேள்வியையும் அவள் விட்டுவைக்கவில்லை. இந்த முறை வந்த பத்தி, தேன்கூடு தேடிக் காட்டுக்குள் போன ஒருவனைப் பற்றியது.

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸின் மேசைக்குப் போய் நின்றாள்.

"மார்க்குல எதனா சந்தேகமா?" என்றார் விஜயராணி.

"இல்ல மிஸ். அவன் வழி தவறிட்டான்னு சொல்லிட்டு, அதோட பத்தி முடிஞ்சிபோச்சு. திரும்பி வந்தானா இல்லியான்னு போடல."

விஜயராணி வினாத்தாளை வாங்கிப் பார்த்தார். "எனக்கும் தெரியலியேம்மா. ஏதோ புத்தகத்துலேர்ந்து கொஞ்சம் எடுத்துப் போட்டிருக்காங்க."

"அந்தப் புக்கு எங்க கெடைக்கும் மிஸ்?"