கைப்பிடி முருங்கைக்கீரை

பால் காய்ச்சி டீ போட்டேன். குழாயில் குடத்தை வைத்தேன். என் மாமனார் முத்திருளன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் என் மனைவி சுபா விபத்தில் இறந்த பிறகும் நான் பரவையில் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். போங்கள் என்று அவரும் சொல்லவில்லை.

அவர் துப்பிய நுரை சிவப்பாக இருந்தது.

"என்ன மாமா இது?"

"ஈறுதான் மாப்ள. ரெண்டு மூணு நாளா வருது. விடுங்க."

விட முடியாது. அவர் இதயத்தில் செயற்கை வால்வு இருக்கிறது. அதில் ரத்தம் கட்டாமலிருக்க ராத்திரிதோறும் ஒரு மாத்திரை. அதன் வேகம் குறைந்தால் வால்வு அடைக்கும். மிஞ்சினால் ரத்தம் கசியும். மாதாமாதம் ரத்தச் சோதனைக்கு அவரைக் கூட்டிப்போனவள் சுபா.

டீயை அப்படியே வைத்துவிட்டுக் கோரிப்பாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் உறைய ஆகும் நேரம் வழக்கத்தைவிட மிகவும் கூடியிருந்தது.

"மாத்திரைய ரெட்டையாப் போட்டீங்களா? மூட்டுவலிக்கு ஏதாச்சும்?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்."

"சாப்பாட்டுல எதையாவது நிறுத்துனீங்களா?"

மாமா தரையைப் பார்த்தார். "கீரைய. செல்போன்ல பாத்துட்டு, ஆகாதுன்னு தங்கச்சி சொல்லுச்சு."

"ஒங்க மக போட்ட கீரையையும் சேத்துத்தானய்யா நான் மாத்திரை அளவு வச்சேன். கீரை ரத்தத்த உறைய வைக்கும். மாத்திரை அதத் தடுக்கும். கீரைய நிறுத்துனா மாத்திரை கை ஓங்கிரும்."

அன்றைக்கு மாத்திரை வேண்டாம் என்றார். மறுநாள் மறுபடி சோதனை. கீரை மட்டும் பழைய அளவு, கூட்டாமல் குறைக்காமல்.

திரும்பும்போது பரவை மார்க்கெட்டில் முருங்கைக்கீரை வாங்கினேன். வீட்டில், சமைத்துப்போட வந்திருந்த மாமாவின் தங்கை தாமரைச்செல்வி விஷயம் கேட்டு அழுதார்.

"நல்லதுன்னு நெனச்சுல்ல செஞ்சேன் அண்ணே."

"ஒன் சாம்பாரத் தின்னும் உசுரோட இருக்கேன். இதுக்கா போயிருவேன்?"

அழுகையோடு அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. நான் கீரையை ஆய்ந்தேன்.

"சுபா எம்புட்டு போடுவா மாப்ள?"

"ஒரு கைப்பிடி."

மாமா கையை நீட்டிப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார். "நீங்க அள்ளுங்க."

என் கை பெரியது. அள்ளியதில் கொஞ்சம் உதிர்த்தேன். இன்னும் கொஞ்சம் உதிர்த்தேன். சுபாவின் கை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாமா தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

கடைசியாகக் கிளம்பிய காலையிலும் அவள் கீரை வாங்கி வைத்திருந்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"கீரையத் தொட்டுறாதீங்க. வந்து நானே ஆஞ்சுக்கிறேன்."