இரண்டாவது பிரேக்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் மாஸ்டர். அவருடைய பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கு எதிரேயும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் மாஸ்டர் மிதித்துக் காப்பாற்றுவதற்கு. அந்தக் காரில்தான் அவரும் மனைவியுமாகக் கடலோரம் சுற்றிப்பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். ஓட்டுவது மனைவி. பயணம் முழுக்க அவளே ஓட்டி முடித்தால், பயிற்சிக்கு வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை அவளுக்கு. அப்படித்தான் பேச்சு.

பாறை முனை ஏற்றத்தில் எதிரே லாரி வந்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

"அய்யய்யோ, நான் என்னங்க பண்ணேன்?"

"கிளச்ச சரியா மிதிக்கல போல."

பிரேக்கை மிதித்தது அவர். லாரியைக் கண்டதும் கால் தானாகப் போய்விட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு 'போல'வைப் போட்டு நழுவிக்கொண்டார்.

நாரைகள் மேயும் உப்பங்கழி ஓரத்திலும் அதே கதை. பின்னால் வந்த காரிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். "பழகுறதுன்னா மைதானத்துல பழகுங்கம்மா!"

அவள் முகம் சுண்டிப்போனது. மாஸ்டர் நாரைகளைப் பார்ப்பதுபோல் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்.

அலையாத்திக் காட்டில் மரப்பாலம் போட்டிருந்தார்கள். அவள் அதில் நின்றபடியே சொன்னாள். "எனக்கு இது வராதுங்க. அந்த வேலைக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க."

"ச்சே, அப்படியெல்லாம் சொல்லாத."

"பின்ன? நானே நடுரோட்ல நிக்கிறேன். நான் யாருக்குச் சொல்லிக்குடுக்க?"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், நண்டு பார்க்கிற சாக்கில் அவர் பாலத்தைவிட்டுச் சேற்றில் இறங்கினார். கணுக்கால்வரை கரிய சேறு. வாய்வரை வந்த உண்மையும் அங்கேயே புதைந்துவிட்டது.

காட்டைத் தாண்டிய வளைவில் பஸ் ஒன்று திரும்பியது. மறுபடி குலுக்கல், மறுபடி நின்றது. இந்த முறை அவள் காரை ஓரங்கட்டினாள், இறங்கினாள், சுற்றிவந்து அவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க. நீங்களே ஓட்டுங்க."

அவர் இறங்க, அவள் உட்காரக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"இது என்ன?"

"சேறு."

"சேறுன்னு எனக்கும் தெரியுது. பிரேக் மேல எப்படி வந்துச்சு?"

மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

"காலைலேர்ந்தேவா?"

தலையாட்டினார்.

"நான்தான் கிளச்ச சரியா மிதிக்கல போல?"

"பயந்துட்டேன். கால் பழக்கம்..."

"கால் பழக்கம், சரி. வாய்க்கு என்ன பழக்கம்?"

பஸ் போன புழுதிக்காக என்பதுபோல் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். எத்தனையோ பேரை, "தப்புப் பண்ணா ஒத்துக்கணும், அப்பத்தான் வண்டி வசப்படும்" என்று அதட்டிய வாய்.

"பின்னாடி போய் உக்காருங்க, மாஸ்டர்."

வீட்டில் அவள் அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

தண்ணீர்க் குடத்துக்கும் துணிப்பைக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்தார். கலங்கரை விளக்கச் சரிவில் கார் வழுக்கிக்கொண்டு இறங்கியது. எதிரே ஒரு லாரி. அவள் கியரைக் குறைத்து, ஓரம் கொடுத்து, அலுங்காமல் தாண்டினாள்.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

கண்ணாடியில் அவள் கண்கள் அவரைப் பிடித்தன. "நல்லா மிதிங்க. அங்க ஒண்ணும் இல்ல."

அவர் காலை இருக்கைக்கடியில் இழுத்துக்கொண்டார்.