வராதவர் தோற்றவர்

இருபது வருஷம் வெட்டவெளியில் நின்று நிலம் அளந்த சர்வேயர் அவள். இனி வெயிலே ஆகாது என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"வெயில்தான் டாக்டர் எனக்குச் சோறு போடுது" என்றாள்.

மருத்துவர் சிரிக்கவில்லை. லூபஸ் என்று நோயின் பெயரைச் சொன்னார். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்துத் தாக்கிக்கொள்ளும் நோய். வெயில் பட்டால் அதன் ஆட்டம் தாங்காது என்றார். அவள் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரமே அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு பாலம் கட்டும் இடத்துக்குப் போனாள். அன்று சாயங்காலமே கன்னம் இரண்டும் கன்றிச் சிவந்தன, விரல் மூட்டுகள் வீங்கின, ஒரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எழுந்து அலுவலகம் போனபோது, ஜன்னலே இல்லாத ஓர் அறையில் வரைபடம் திருத்தும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது.

வீட்டில் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். கணவர் பள்ளியில் வேதியியல் வாத்தியார். கூடத்துக்குக் கனத்த திரைச்சீலை வாங்கி மாட்டினார், பால் வாங்கக்கூட அவளை அனுப்பவில்லை. அண்ணன் தினமும் போன் செய்வார். "சாப்டியா?" என்று கேட்பதற்கு முன்னால் "வெளிய எங்கயும் போகலையே?" என்று கேட்பார். அண்ணன் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே இருந்த கோல்ஃப் கிளப்பில் கமிட்டி உறுப்பினர். தங்கை மேல் உயிர். அந்த உயிர்தான் அவளுக்கு மூச்சு முட்டியது.

ஒருநாள் கார் டயர் பஞ்சர். டயர் கடையில் நிற்க நிழல் இல்லை. கடைக்காரர் ஆறடி உயரம், பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும் குரல். அவளுடைய நீளக்கை சட்டையையும் கையுறையையும் குடையையும் பார்த்துவிட்டு, "பக்கத்துல ஏசி ரூம் இருக்குங்க, உள்ள போய் உக்காருங்க. நம்ம ஆளுங்கதான்" என்றார்.

பக்கத்துக் கட்டடம் ஒரு காலத்தில் சோபாவும் கட்டிலும் விற்ற ஷோரூம். இப்போது அதில் நான்கு தடுப்புகள், ஒவ்வொன்றிலும் சுவர் முழுக்க ஒரு வெள்ளைத் திரை, காலடியில் பச்சைப் பாய், உச்சியில் பந்தின் போக்கைக் கணிக்கும் ஒரு கருவி. யாரோ ஒருவர் கோல்ஃப் பந்தை ஓங்கி அடித்தார். அது திரையில் மொத்தென்று மோதிக் கீழே விழுந்தது. ஆனால் திரைக்குள்ளே அதே பந்து ஒரு மலைச்சரிவைத் தாண்டி, ஏரியைத் தாண்டிப் பறந்துகொண்டே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவ்வளவு பெரிய வெளியை அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"நான் ஒரு தடவை அடிக்கலாமா?" என்று அங்கிருந்த மேனேஜரிடம் கேட்டாள்.

முதல் அடி பந்தில் படவே இல்லை. இரண்டாவது பக்கவாட்டுச் சுவரில் மோதியது. டயர் மாற்றி முடித்துக் கடைக்காரர் கூப்பிட வந்தபோது, அவள் குடையையும் கையுறையையும் ஒரு மூலையில் போட்டுவிட்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று தொடங்கியது. மழைக்காலம், குளிர்காலம், வெளியே தார் உருகும் கோடை, எதுவும் அந்தக் கூடத்துக்குள் நுழையவில்லை. அலுவலகம் முடிந்ததும் நேரே அங்கே போவாள். விரல் மூட்டு வலிக்காமல் இருக்க மட்டைப் பிடிகளில் தடித்த ரப்பரைச் சுற்றிக்கொண்டாள். பெண்கள் அடிக்க என்று கருவி தானாகவே குழிக்குக் கொஞ்சம் கிட்டே ஒரு கோட்டைக் காட்டும். "அத எடுத்துடுங்க. மத்தவங்க எங்கேருந்து அடிக்கிறாங்களோ, நானும் அங்கேருந்துதான்" என்றாள். மேனேஜர் எடுத்துவிட்டார்.

அண்ணனுக்குச் சேதி போனது.

"அது வீடியோ கேம்மா. உண்மையான கோல்ஃப்னா காத்து இருக்கணும், புல்லு இருக்கணும்."

"காத்தும் புல்லும் நீ வச்சுக்கோண்ணா. எனக்குப் பந்தும் குழியும் போதும்."

அந்த வருஷம் கூடத்தில் லீக் போட்டி வைத்தார்கள். ஆடியவர்களில் அவள் ஒருத்திதான் பெண். முதல் சுற்றில் அவளிடம் தோற்ற பல் டாக்டர், இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்றார். இரண்டாம் சுற்றில் தோற்றவர் தனக்கு முதுகுவலி என்றார். அரையிறுதியில் தோற்றவர் ஒன்றும் சொல்லாமல் கைகுலுக்கிவிட்டுப் போனார். இறுதி ஆட்டத்தில் அவளுக்கு எதிரே நின்றவர் அந்த டயர் கடைக்காரர். எல்லாரும் அவரைப் பீரங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அடித்தால் திரை கிழிந்துவிடும் என்று மேனேஜருக்கு உள்ளூரப் பயம்.

அப்போதுதான் தெரிந்தது, இறுதி ஆட்டம் கூடத்தில் இல்லை என்று. லீக் ஆரம்பிக்கும் முன்பே அண்ணன் தன் கிளப்பில் பேசி ஏற்பாடு செய்துவிட்டிருந்தார்: ஞாயிறு காலை பதினொரு மணி, அசல் புல்தரையில். உள்ளே ஆடுபவர்களுக்கு ஒரு கௌரவம் என்று நினைத்திருக்கிறார். தங்கை அதுவரை வருவாள் என்று அவர் கனவிலும் எண்ணவில்லை. மேனேஜர் போய்ச் சாயங்காலமாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். போட்டோகிராபர் வருகிறார், விருந்தாளிகள் வருகிறார்கள், முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் வீட்டுக்கே வந்தார். கையில் பழப்பை வேறு.

"நீ ஒண்ணும் கவலப்படாத. எல்லாம் பேசிட்டேன். பீரங்கிதான் ஜெயிச்சதா அறிவிச்சுடுவாங்க. நீ வந்து உன் கையால கோப்பையைக் குடு. உனக்குன்னு நிழல்ல நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்."

"நான் கோப்பை குடுக்கணுமா?"

"ஆமாம்மா. மரியாதைதானே?"

"ஆட வேண்டியவள உக்கார வச்சு நீ மரியாத பண்றியா?" அவள் குரல் உயரவில்லை. வாத்தியாருக்கு அந்தக் குரலைத் தெரியும்; எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தார். "பழத்த அங்க வச்சுட்டுக் கெளம்புண்ணா."

அன்று மாலை வாத்தியார் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். வீம்புக்கு வெயிலில் போய் நின்றுவிடுவாளோ என்பதுதான் அவர் பயம். அவளுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. தொப்பி, முகத்துணி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு போய், பதினெட்டுக் குழியையும் ஆடி முடித்து, கோப்பையை வாங்கி அண்ணன் மடியில் போட்டுவிட்டு அங்கேயே மயங்கி விழ வேண்டும் என்று ஆத்திரத்தில் தோன்றியது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

"போகப் போறியா?" என்று வாத்தியார் கடைசியில் கேட்டேவிட்டார்.

"மாட்டேன். வெயில்ல விழுந்து காட்டினாத்தான் வீரம்னா, அந்த வீரம் எனக்கு வேணாங்க. அவங்களுக்கு நான் ஏன் விழுந்து காட்டணும்?"

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். லீக் ஆட்கள் எல்லாரும் இருந்த வாட்ஸப் குழுவில் எழுதினாள்: 'இறுதி ஆட்டம் வழக்கமான இடத்தில், ஞாயிறு பதினொரு மணிக்கு. நான் அங்கே இருப்பேன். வராதவர் தோற்றவர்.'

குழு கொதித்தது. பல் டாக்டர், விதிமுறை என்று ஒன்று இருக்கிறது என்று எழுதினார். யாரோ கைதட்டும் படம் போட்டார்கள். இன்னொருவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்கறைப்பட்டார். பீரங்கி படித்துவிட்டார் என்று நீலக்குறி காட்டியது. ஆனால் பதில் இல்லை.

ஞாயிறு காலை கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. எல்லாரும் கிளப்புக்குப் போய்விட்டிருந்தார்கள். சாவியைக் கொடுக்க இருந்த மேனேஜர் மட்டும் தர்மசங்கடத்தில் நெளிந்தார். வாத்தியார் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படிக்காமலே செய்தித்தாளைப் புரட்டினார்.

"அந்த கிளப் மைதானம் உங்க கருவில இருக்குல்ல? அதையே போடுங்க" என்றாள்.

"போடுறேன் மேடம். ஆனா அவர் அங்க இருக்காரே..."

"அது அவர் பாடு. பதினொண்ணாச்சுன்னா நான் முதல் பந்த அடிப்பேன்."

அடித்தாள். பந்து நேராகப் போய்ப் பாதையின் நடுவில் விழுந்தது. முதல் குழியை முடித்தாள், இரண்டாவதையும் முடித்தாள். கைதட்ட ஆள் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் பிறகு கூடத்தின் அமைதி காதை அடைத்தது. மூன்றாவது குழியின் நடுவில் அவளுக்கே ஒரு கணம் இது என்ன கோமாளித்தனம் என்று தோன்றிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பந்தை வைத்தாள்.

கதவு படாரென்று திறந்தது.

பீரங்கி நின்றார். காலர் வைத்த வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது, ஷூவில் சேறு. கையில் பளபளவென்று கோப்பை.

"போட்டோ எடுத்தாங்க, கைல இதத் திணிச்சாங்க. யாரைங்க தோக்கடிச்சேன்னு கேட்டேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒரு பந்துகூட அடிக்காம கோப்பைய வாங்கிட்டுப் போனா என் பொண்டாட்டி என்ன வீட்டுக்குள்ள விடமாட்டா." கோப்பையைக் காபி இயந்திரத்தின் மேல் வைத்தார். "லேட்டா வந்ததுக்கு அபராதம் உண்டா?"

"ரெண்டு குழி பாக்கி இருக்கு உங்களுக்கு. அத முதல்ல முடிங்க" என்றாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை. மட்டையை ஓரமாகச் சாய்த்துவிட்டு அவருக்குப் பாயை விட்டுக்கொடுத்தாள்.

ஆட்டம் சூடு பிடித்தபோது கிளப்பிலிருந்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாக அண்ணன் வந்தார். விருந்தாளிகள் முன்னால் தலைகுனிவு என்று கத்துவதற்காகவே வந்தவர், தங்கை பந்தின் முன் குனிந்து நிற்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அவள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. பீரங்கி பந்தைக் கண்காணாத தூரத்துக்கு அனுப்பினார். பாதி நேரம் அது மரங்களுக்குள் போய்த் தொலைந்தது. அவளுடைய பந்து தூரம் போகவில்லை, ஆனால் சொன்ன இடத்தில் போய் விழுந்தது. குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தான் வெற்றி; அவர் ஒரு அடி முன்னால், அவள் ஒரு அடி முன்னால் என்று மாறி மாறிப் போய், பதினேழு குழி முடிந்தபோது இருவரும் சமமாக நின்றார்கள்.

கடைசிக் குழியில் பீரங்கி தட்டுத்தடுமாறி முடித்தார். அவள் இரண்டு உருட்டலில் பந்தைக் குழியில் போட்டால் வெற்றி. முதல் உருட்டலைத் தைரியமாகத் தட்டினாள். பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு நிற்காமல் சரிவில் ஓடியது. இரண்டாவது உருட்டலில், குழிக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. மூன்றாவது விழுந்தது. மறுபடி சமம்.

இன்னொரு குழி ஆடினார்கள். அதிலும் அவள் மூன்று முறை உருட்டினாள். பீரங்கி ஒரு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அவர் இயந்திரத்தின் மேலிருந்து கோப்பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "இப்போ இது என்னோடதுதான். யாரும் கேக்க முடியாது" என்று கூடம் அதிரச் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அண்ணன் மெதுவாகப் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். "விடும்மா. உன் உடம்புக்கு நீ இவ்வளவு தூரம் வந்ததே..."

"உடம்ப இழுக்காத" என்று அவர் கையை எடுத்துவிட்டாள். "உடம்பாலயா தோத்தேன்? உருட்டத் தெரியாம தோத்தேன். அவர் நல்லா ஆடினாரு, நான் சொதப்பிட்டேன். தோத்தா தோத்துட்டேன்னு சொல்லு. பாவம்னு மட்டும் சொல்லாத."

அண்ணன் கமிட்டிக் கூட்டத்தில் பேசுவது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டாவது உருட்டல் ரொம்ப மோசம்" என்றார்.

"ஆமா. மோசம்தான்."

வாத்தியார் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் கூடையிலிருந்து பந்துகளைக் கொட்டினாள், மேனேஜரிடம் அந்தக் கடைசிக் குழியையே திரும்பப் போடச் சொன்னாள்.

"தள்ளி நில்லுண்ணா, திரை மறைக்குது."

அண்ணன் தள்ளி நின்றார்.