பட்டதாரிக்கு ஒரு மடக்கு நாற்காலி

எங்கள் மினசோட்டா ஊரில் பள்ளியை முடிக்குமுன்பே கல்லூரியை முடித்த முதல் ஆள் ரோண்டா ஹால்வர்சன். கடைசி இரண்டு வருடமும், காலையில் அவள் அப்பாவின் பழைய பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போய்விடுவாள். அங்கே படித்த பாடம் இங்கேயும் கணக்கில் சேரும். மே மாதம் கல்லூரி அவளுக்கு இரண்டு வருடப் பட்டத்தைக் கொடுத்தது. மறுநாள் பள்ளியில், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக் கை தூக்கிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் லிண்ட்க்விஸ்டுக்குப் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடாவிட்டால் காது கேட்காது. அந்த வாரம் அவர் நடந்த நடையைப் பார்த்து, பட்டம் வாங்கியது இவரா ரோண்டாவா என்று ஊரே குழம்பியது.

அப்போதுதான் உடற்பயிற்சி ஆசிரியை பெவ் ஸ்டார்க் ஒரு குண்டைப் போட்டார். கல்லூரிக்கு ஓடிய ஓட்டத்தில் ரோண்டா உடற்பயிற்சி வகுப்பை முடிக்கவே இல்லை. அது இல்லாமல் பள்ளிச் சான்றிதழ் கிடையாது; சான்றிதழ் இல்லாவிட்டால் பள்ளி நிறைவு விழாவில் வகுப்போடு உட்காரவும் முடியாது.

"அதனால என்னம்மா?" என்றார் டாக்டர். "நீதான் பட்டதாரியாச்சே! விழாவுல மேடையில எம் பக்கத்துல உக்காரு. சிறப்பு விருந்தாளி!"

"மேடை வேணாம், டாக்டர். கீழ எங்க கிளாஸோட உக்காரணும்."

"ஏன்?"

"ரெண்டு வருஷமா, பிள்ளை பெத்த அம்மாக்களோட உக்காந்து படிச்சிருக்கேன். பள்ளிக்கூட டான்ஸுக்கு வரல, டூருக்கு வரல. ஒரு நாளாவது இவங்களோட உக்கார வேணாமா?"

கோச் ஸ்டார்க் இரங்குகிற ஆளில்லை. ஆனால் வழி சொன்னார்.

"இந்த வாரம் பூரா ஒன்பதாம் கிளாஸ் பசங்களோட வா. கையெழுத்துப் போடறேன்."

"என்ன விளையாட்டு, கோச்?"

"ஸ்கொயர் டான்ஸ்."

நான்கு ஜோடி சதுரமாக நின்று, ரெக்கார்டில் ஒருவன் கத்துகிறபடியெல்லாம் சுற்ற வேண்டும். பெண்ணின் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டுச் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொள்ளும் பையன்கள். அவர்கள் நடுவில் எங்கள் பட்டதாரி. நாங்கள் கதவோரம் கூடி நின்று சிரித்தோம்.

"காலேஜ் முடிச்சிட்டியாமே," என்றான் அவள் ஜோடிப் பையன். "இடது பக்கம் எதுன்னு அங்க சொல்லித் தரலியா?"

"சொல்லித் தந்தாங்க. நீ மிதிக்கிற என் கால்தான் இடது. எடு!"

கடைசி நாள், டாக்டர் உள்ளூர்ப் பத்திரிகைப் புகைப்படக்காரரோடு வந்து நின்றார். அன்று பார்த்து ஒரு பையன் பல் வைத்தியரிடம் போய்விட்டான்.

"எட்டுப் பேர் இல்லேன்னா டான்ஸ் இல்ல," என்றார் கோச். "டான்ஸ் இல்லேன்னா இன்னிக்கு வகுப்பு கணக்குல வராது. உள்ள வாங்க, டாக்டர்."

"நானா? நான் டாக்டர்—"

"கால் இருக்கில்ல?"

ஆடினார். எல்லோரும் வலப்பக்கம் போக, அவர் இடப்பக்கம் போனார். வழுக்கையை மறைக்க வாரியிருந்த முடி அவிழ்ந்து தோளில் விழுந்த சமயம் பார்த்து புகைப்படக்காரர் படம் எடுத்தார். கோச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரோண்டாவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விழா. அதே உடற்பயிற்சிக் கூடத்தில், வியர்வை நாற்றத்தில், பச்சை அங்கிக்குள் வெந்துகொண்டு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அகர வரிசையில் ரோண்டாவுக்கு அடுத்தவன் நான். டாக்டர், "நம் பள்ளியின் மாபெரும் சாதனை" என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் எவனோ டான்ஸ் மெட்டைச் சீட்டியடித்தான். சாதனை அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு எத்தனையோ விழாக்களில், குஷன் வைத்த இருக்கைகளில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். அன்று ஒரு தகர நாற்காலியில் ரோண்டா உட்கார்ந்த அளவு சந்தோஷமாக யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ரோண்டா ஹால்வர்சன்!" என்று சான்றிதழ் வாங்க மேடையிலிருந்து கூப்பிட்டார்கள்.

நான் முழங்கையால் இடித்தேன். "எந்திரி, உன்னைத்தான்."

"தெரியுது," என்றாள். "இன்னும் ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேனே."