இடது குஷன் விசாரணை

உதயகுமார் ஒரு மாதமாகத் தோற்றுக்கொண்டே இருந்தான். பிள்ளையார்பாளையத்தில் வரதராஜன் மாடியில் நடத்தும் கிளப்பில் இருப்பது ஒரே ஒரு பூல் டேபிள். அதில் நான்கு ஞாயிறும் தங்கை புருஷன் வேலாயுதம் அவனை மண்ணைக் கவ்வ வைத்திருந்தான்.

"என் கையில ஒண்ணும் கோளாறு இல்ல மாப்ள. டேபிளோட இடது குஷன், அந்த ஓரத்து ரப்பர் விளிம்புதான் சரியில்ல. பந்து போய் முட்டிக்கினு அங்கியே குந்திக்குது."

வேலாயுதம் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் உதயகுமாருக்குத் தாங்கவில்லை. போன மாதம் இதே டேபிளில் ஒரு ஓரமாகத் துணி தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்ததே உதயகுமார்தான். தன் தறியில் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியைக் கொண்டுவந்து தடவி விறைப்பாக்கியும் கொடுத்தான். வரதராஜன் டீ வாங்கித் தந்தார். அப்பேர்ப்பட்டவனுக்கு ஆடத் தெரியாதாமே!

"மெஷின் செஞ்சு அளந்தே காட்டறேன். நாலு குஷனும் ஒண்ணுன்னு வந்துச்சின்னா இனிமே குச்சியத் தொடமாட்டேன். ஸ்கோர் எழுதிக்கினு ஒக்காந்துக்கறேன்."

பந்து உருண்டு இறங்க ஒரு முழம் பிவிசி குழாய், சாய்த்து வைக்க ரெண்டு செங்கல், பந்தைத் தடுக்க ஒரு மரக்கட்டை. கட்டையை வெடுக்கென்று இழுக்கத் தறியில் ஊடைநூல் நாடாவை ஓட்டும் கயிற்றையே அவிழ்த்துவிட்டான். பந்து எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று அளக்க, விரற்கடைக்கு ஒரு முடிச்சுப் போட்ட ஜரிகை இழை.

"தறி நிக்குது, பந்து ஓடணுமா?" என்றாள் மனைவி அகிலா.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பே சுற்றி நின்றது. முன்பக்கக் குஷனில் பந்து முட்டி நாற்பது முடிச்சு திரும்பியது. வலதிலும் நாற்பது. எதிர்ப்பக்கமும் நாற்பது. உதயகுமார் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். ஸ்கோர் நோட்டு ஜன்னலில் காத்திருந்தது.

இடது குஷன். முப்பத்தொன்று!

"பாத்தியா மாப்ள! பாத்தியா!" என்று குதித்தான்.

வேலாயுதம் குனிந்து அந்தத் துணியை நகத்தால் சுரண்டினான். வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. மோந்து பார்த்தான்.

"மச்சான், கஞ்சி வாசன வருதே."

எல்லோரும் உதயகுமாரைப் பார்த்தார்கள். மானம் போயிற்று. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், தன் கைமேல் பழி இல்லை என்று. தானே ஈரத்துணியால் கஞ்சியைத் துடைத்து, ஃபேன் போட்டுக் காயவைத்து, மறுபடி அளந்தான். சுத்தமாக நாற்பது.

"இப்ப ஆடுங்க மச்சான்," என்று வேலாயுதம் குச்சியை நீட்டினான்.

உதயகுமார் அடித்தான். வெள்ளைப் பந்து இடது குஷனில் முட்டி, அழகாகத் திரும்பி, நேராகப் போய்த் தானே குழியில் விழுந்தது. ஃபவுல்!

அவன் குனிந்து வலது குஷனைத் தடவிப் பார்த்தான்.

"வலது பக்கம் துணி லேசா தொளதொளன்னு இருக்குது பாரு மாப்ள..."

வேலாயுதம் ஸ்கோர் நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தான்.