தம்பிக்கு வந்த நீல அட்டை

கப்பல் வேலையிலிருந்து போசன் விடுமுறையில் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அவர் தம்பி புதுப் பல்வரிசையோடு வாசலில் வந்து நின்றான்.

"எப்படிண்ணே இருக்கு? இது மேல்வரிசை. கீழ்வரிசை அடுத்த வாரம். எல்லாம் உங்க கம்பெனி புண்ணியம்."

கையில் ஒரு நீல மருத்துவ அட்டை. நங்கூர முத்திரை, தம்பியின் பெயர், அதன் கீழே ‘ஊழியரின் குடும்பத்தார்’. சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்த போசனின் மனைவி அப்படியே நின்றாள்.

"எங்களுக்கு எதுவும் வரலையே தம்பி."

"வந்திருக்கணுமே அண்ணி. எனக்கு வருஷா வருஷம் காலண்டரே வருது. போன வருஷம் ஒரு குடை."

அவள் போசனைத் திரும்பிப் பார்த்தாள். ‘எங்க கம்பெனிக்காரன் எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டான்’ என்று அவளிடம் வருஷா வருஷம் சொல்லிவந்தவர் அவர்தான். அவளுடைய வலது முழங்காலுக்குப் பன்னிரண்டாம் தேதி அறுவை சிகிச்சை. அதற்குள் அட்டை வராவிட்டால் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

தப்பு எங்கே என்று போசனுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன், முதல் கப்பல் ஏறும்போது ஒரு தாளைக் கொடுத்து உறவினர் பெயரை எழுதச் சொன்னார்கள். அப்போது கல்யாணமாகி இருபது நாள்; அவர் எழுதியது தம்பி பெயரை. அதற்குப் பிறகு அந்தத் தாளை அவர் மாற்றியதே இல்லை. எந்தத் தாளோடு போய் முழுசாகத் திரும்பி வந்தோமோ அதைத் தொடக்கூடாது என்பது மாலுமிகள் வழக்கம். பெட்டியும் கையுமாக வரிசையில் நின்று, "பழசையே போடு" என்பார். அடுத்த பதினெட்டுக் கப்பல்களுக்கும் அப்படியே போட்டார்கள்.

அந்தக் காலத்தில் கம்பெனி தந்தது மாதம் இரண்டு சோப்பு, ஒரு ஜோடி கையுறை. கப்பலை விட்டு இறங்கினால் சம்பளம் நின்றுவிடும். மூத்தவள் பிறந்த செய்தியே, அவள் குப்புற விழ ஆரம்பித்த பிறகுதான் அவருக்குக் கடிதமாக வந்தது. இப்போது அறைக்கு அறை இணையம், விடுமுறைக்கும் சம்பளம், மனசு சரியில்லை என்றால் போனில் பொறுமையாகக் கேட்க ஒரு டாக்டரம்மா. தளத்து மாலுமிகளுக்கெல்லாம் தலைவரான போசன், "இது கப்பலா, மாமியார் வீடாடா?" என்று சாப்பாட்டு மேசையில் தினமும் கச்சேரி வைப்பார். ‘குடும்ப மருத்துவத் திட்டம்: உறவினர் பட்டியலைச் சரிபார்க்கவும்’ என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்து பெயிண்ட் பிரஷ் துடைத்த மகானுபாவரும் அவரேதான். நல்ல வழவழப்பான தாள் என்று பாராட்டிக்கொண்டே துடைத்தார்.

மறுநாள் போசனும் மனைவியும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"சார், இதுல நீங்க பேச்சிலர். பட்டியல்ல உங்க தம்பி மட்டும்தான் இருக்கார். அதான் கார்டு அவருக்குப் போயிருக்கு."

"மூணு பிள்ளை பெத்த பேச்சிலர்மா," என்றாள் மனைவி. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஏன் என் பேரைப் போடலை?"

ஆபீஸ்காரன் தப்பு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அந்தப் பெண்ணின் கணினியில் அவர் கையெழுத்தே தெரிந்தது.

"அப்ப அந்தத் தாளுக்கு ஒரே ஒரு வேலைதான். நான் கடல்ல போயிட்டா, அதுல இருக்கற வீட்டுக்கு ஆள் வந்து சொல்லுவான். நீ தனியா கதவைத் திறந்து அதைக் கேக்கறதை நினைச்சுப் பார்த்தேன். எழுதக் கை வரலை."

அவள் வலது முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"அது முதல் கப்பல். மத்த பதினெட்டுக்கு?"

"மாத்தினா ராசி போயிடும்னு."

"நல்ல ராசி. என் முட்டியில வந்து உக்காந்திருக்கு."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டச்சு செய்தாள். இன்று பதிந்தால் ஒன்பதாம் தேதி அட்டை வந்துவிடும் என்றாள். பிறகு, "அவசரத் தகவல்னு இன்னொரு இடம் இருக்கு சார். அதுல தம்பியே இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

போசன் வாயைத் திறக்குமுன் மனைவி சொன்னாள்: "அதுலயும் என் பேரையே போடும்மா. எந்தச் சேதியா இருந்தாலும் எனக்கே வரட்டும். கதவைத் திறக்க எனக்குத் தெரியும்."

போசன் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

"அப்ப தம்பியோட கார்டு இன்னியோட செல்லாது சார். அவருக்கு நீங்களே சொல்லிடுங்க."

கீழ்வரிசை அடுத்த வாரம் என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டிக் கெட்ட சேதி சொல்லும் வேலை, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அவர் தலையிலேயே விடிந்தது.