ஆயாக்கொட்டகையில் ஒரு பிரெஞ்சுப் படம்

ஆயாக்கொட்டகையில் அந்தப் படத்தை மாட்டியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. ஆணியோடு சேர்த்து என் கட்டைவிரலையும் அடித்துக்கொண்டதே சாட்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். மலாயாவில் தங்காக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நான். துரை பிரெஞ்சுக்காரர். பங்களாவுக்கு வெள்ளையடித்தபோது பழைய அச்சுப்படம் ஒன்றை என்னிடம் நீட்டி, "நர்ஸ்" என்று சொல்லிச் சிரித்தார். துரை சிரித்தால் கிராணியும் சிரிக்க வேண்டும், சிரித்தேன். வெள்ளைத் தொப்பி, ரிப்பன், மடியில் குழந்தை, பக்கத்தில் யாரோ ஒருவன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி போட்டால் அழகு குறைந்துவிடும் என்று அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்த காலம் அது.

அந்த அழகெல்லாம் சந்திரமதிக்காக. தாய்மார்கள் பால்மரம் சீவப் போனதும் அவர்களுடைய பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள். "என்னக் கட்டிக்கிறியா?" என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "புள்ள அழுவுது, போங்க" என்பதே பதில். அவள் தொழிலைப் பெருமைப்படுத்தி ஒரு படம் மாட்டினால் மனசு இளகும் என்று கணக்குப் போட்டேன்.

மதியம் மகனைத் தூக்க வந்த வெள்ளையம்மா படத்தின் முன்னால் நின்றாள்.

"ஏன்டி சந்திரமதி, இது நீதானே? பக்கத்துல மீசை, நம்ம கிராணியாரு. அலமாக், ஐயையோ, புள்ளயத் தலைகீழால்ல புடிச்சிருக்க. எம்மவனையும் இப்படித்தான் பாத்துக்கிறியா?"

வந்திருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். சந்திரமதி சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"என் கையிலேருந்து ஒரு புள்ள கீழ விழுந்திருக்கா?"

"இல்ல. எனக்குப் படம் சரியாத் தெரியல."

வேறு வழியில்லாமல் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். மீசைக்காரச் சிப்பாயைப் பார்த்து நர்ஸ் வாய் பிளந்திருந்தாள். அவள் மடியில் குழந்தையின் தலை கீழே, கால்கள் மேலே. அது ஆயாக்களைக் கேலி செய்யும் படம், துரையோடு சேர்ந்து சந்திரமதியைப் பார்த்தே நானும் சிரித்து வைத்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

"கழட்டிடுறேன்."

"இருங்க." அவளே படத்தை எடுத்துத் திருப்பி, தலைகீழாக மாட்டினாள். "இப்ப புள்ள நேரா இருக்கு. அதுங்க ரெண்டும் தொங்கட்டும்."

பிறகு என் கண்ணாடியையே பார்த்தாள். "அப்ப மூணு மாசமா எம்மூஞ்சியும் தெரியாமத்தான் கேட்டீங்களா?"

"மங்கலாத் தெரிஞ்சுது."

"இப்ப?"

கன்னத்தில் அம்மைத் தழும்பு, லேசாகக் கோணிய மூக்கு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் உதடு.

"நல்லாத் தெரியுது."

"பாத்துட்டுக் கேளுங்க."

கேட்டேன். தூளியில் மிச்சமிருந்த ஒரு பிள்ளை சரியாக அந்த நேரம் பார்த்து அழுதது. போச்சு என்று நினைத்தேன். அவள் அதைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே திரும்பினாள்.

"கட்டிக்கிறேன்."